சுவரில் சிரித்த தம்பி

என் வயசுக்காரர்கள் யாராவது அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பக்கம் பஸ்ஸில் போய்வந்திருந்தால் என் தம்பியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பழனி ரோட்டில் ஒரு அரிசி மில் சுவர் முழுக்க உட்கார்ந்திருப்பான். வத்தலக்குண்டு பஸ் நிற்கிற இடத்திலும் இருந்தான். சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுவதற்கு முன்னால் சிலைடு காட்டுவார்களே, அதிலும் வந்தான். சுருட்டை முடி, ரோஸ் கன்னம், கழுத்தில் சங்கிலி, கையில் ஒரு டப்பா. தலைக்கு மேலே, தாய்ப்பாலுக்கு நிகரான சத்துமாவு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். உங்கள் தம்பி தங்கைகளில் சிலபேருக்கு அதைக் கரைத்துக் கொடுத்தும் இருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுவரில் இருந்த பிள்ளை அந்த மாவை ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை.

அவனுக்கு முடி சுருட்டையும் இல்லை. சங்கிலிக்கு நாங்கள் எங்கே போவது? இடுப்பில் ஒரு கருப்புக் கயிறு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆர்ட்டிஸ்டின் கைவேலை.

எங்கள் அப்பா அந்த மாவுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற இடத்தில் மேஸ்திரி. பூச்சி அரிக்கக்கூடாது என்று பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள். அதனால் அப்பாவின் நகக்கண்ணெல்லாம் நீலமாகவே இருக்கும். விஷம் என்று சொல்லி, எங்களுக்குச் சோறு உருட்டித் தரமாட்டார். நாங்கள் குடியிருந்தது ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஆறு வீடு உள்ள ஒரு வளவு. முற்றத்தில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் வந்து சோற்றுத் தட்டிலேயே உட்காரும். குழாயில் தண்ணீர் வருகிற நாள் ஒரு நாள், வராத நாள் இரண்டு நாள்.

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்ததும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலையாக இருந்தது. தம்பி பிறந்த பிறகு அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். எனக்குப் பத்து வயசு, அவனுக்கு ஏழு மாசம். அம்மாவுக்குப் பால் நன்றாக ஊறும், இவன் கொழுகொழுவென்று இருந்தான். ஒருநாள் முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். யார் பிள்ளை என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று, தன் பிள்ளைதான் என்று சொன்னார். முதலாளி தம்பியின் தொடையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. சந்தையில் ஆடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பிடித்துப் பார்ப்பார்கள்.

அடுத்த வாரமே படம் பிடிக்கிறவர் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார். தம்பியின் கன்னத்தில் அம்மா வைத்திருந்த திருஷ்டிப் பொட்டைத் துடைக்கச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். சரி, படத்தில் அழித்துக்கொள்ளலாம் என்று அவரும் விட்டுவிட்டார். டப்பாவைக் கையில் கொடுத்தால் இவன் தூக்கி எறிகிறான், அழுகிறான். அரை மணி நேரம் போராடிப் பார்த்தார்கள். கடைசியில் நான்தான் அந்தக் காலி டப்பாவுக்குள் ஒரு பிடி புளியங்கொட்டையைப் போட்டு மூடிக் கலகலவென்று ஆட்டிக் காட்டினேன். உடனே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிரித்தான். ஊரெல்லாம் பார்த்த சிரிப்பு அதுதான். கெட்டிக்காரி என்று, கூட வந்திருந்த முதலாளியின் ஆள் என் தலையைத் தட்டிக்கொடுத்தார், நானும் பூரித்துப் போனேன்.

படம் பிடித்த மூன்றாம் நாள் அப்பா கை கழுவிக்கொண்டே, யாராவது கேட்டால் பிள்ளை நம்ம மாவுதான் குடிக்கிறான் என்று சொல்ல வேண்டுமாம், முதலாளி சொல்லியிருக்கிறார் என்றார். அம்மா, பொய் சொல்ல வராது, வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்றாள். கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி நிறைய டப்பா வந்தது. அம்மா அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இப்போதைய பெண்களுக்கு இது புரியாது. நம் பக்கத்தில் கொழுத்த பிள்ளை வைத்திருக்கிறவளிடம் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். என்னத்தக் குடுக்குறேன், வெறும் வடிகஞ்சிதான் என்பார்கள். பிள்ளை நெய்ச்சோறு தின்றிருக்கும். சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம். கேட்கிறவளுக்கும் அது பொய் என்று தெரியும், அவள் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள், நாளைக்கு அவளும் அதையேதான் சொல்லப்போகிறாள். அம்மாவும் வருஷம் முழுக்க வடிகஞ்சிதான் என்று சொல்லிக்கொண்டு இருந்தவள்தான்.

சுவரில் படம் வந்த பிறகு எங்கள் வளவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் சந்தைக்கு வந்த வழியில் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்த மறுநாளோ என்னவோ, தம்பிக்குப் பல் முளைக்கும் பேதி பிடித்தது. பத்து நாளில் பாதியாகிவிட்டான். அப்பா பதறிப்போய், சத்துமாவு குடிக்கிற பிள்ளை இப்படியா என்று ஊர் கேட்கும், அவனை வாசலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். யாராவது கேட்டால் தூங்குகிறான் என்று சொல்ல வேண்டும். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே காற்றே இல்லாத ஒரே அறை. நான் அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருப்பேன். தவழ்ந்து கதவுக்குப் போய்க் கையால் தட்டுவான். சுவரில் இருக்கிற பிள்ளைக்காக எங்கள் வீட்டுப் பிள்ளையை ஒளித்து வைத்திருந்தோம்.

எங்களுக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை, ஆனால் அப்பாவை அண்ணன் என்றும் அம்மாவை மதினி என்றும் கூப்பிடுவாள். மாமா பழனி பஸ்ஸில் கண்டக்டர். அத்தை முதல் பிள்ளையைப் பிறந்த பத்தாம் நாளே பறிகொடுத்தவள். இரண்டாவதாகப் பெண் பிறந்தது, எங்கள் தம்பியைவிட ஏழெட்டு மாசம் சின்னது. பிரசவத்தோடு வந்த காய்ச்சலில் அத்தைக்குப் பால் குறைந்துவிட்டது. மாட்டுப்பாலில் பால்காரர் பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றுகிறார் என்று அவளுக்குச் சந்தேகம். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தபடி, அந்த மாவு ஒரு டப்பா கிடைக்குமா மதினி என்று கேட்டாள். அம்மா எடுத்துக் கொடுத்தாள். மாவுதானே, பாலோடு கொஞ்சம் போனால் கெடுதல் என்ன என்று நினைத்தாள். பின்னாளில் அம்மா அழும்போதெல்லாம் இந்த ஒன்றைச் சொல்லித்தான் அழுவாள்.

பாலோடு கொஞ்சம் என்று ஆரம்பித்தது. போகப்போக, தாய்ப்பாலுக்கே நிகர் என்று போட்டிருக்கும்போது பால் எதற்கு என்று மாமா சொல்லிவிட்டார். தண்ணீரில் கரைத்துச் சங்கில் ஊற்றிப் புகட்டினார்கள். அத்தைக்கு ஊறிக்கொண்டிருந்த கொஞ்சப் பாலும் நின்றுபோனது.

மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் இரண்டு பிள்ளையையும் மாற்றி மாற்றித் தூக்கினவள். அத்தையின் பெண் வாராவாரம் இடுப்பில் லேசாகிக்கொண்டு வந்தாள். வயிறு மட்டும் உப்பியிருந்தது. தொடைத் தோலைக் கிள்ளினால் விரலோடு எழும்பி வந்து அப்படியே நின்றது. அழுகையும் சுருதி குறைந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருந்தார். இலையில் சோற்றையும் வெஞ்சனத்தையும் வைத்துவிட்டு, டப்பாவில் என்னதான் இருக்கிறது என்று அம்மா கேட்டாள். கூகைக்கிழங்கு மாவு, சீனி, கொஞ்சம் பார்லி, வாசத்துக்கு ஏலக்காய் என்றார் அப்பா.

"பாலு?"

"பேருக்கு."

"தாய்ப்பாலுக்கு நிகருன்னு போட்டிருக்கேங்க."

"போட்டிருக்கு."

அம்மா எதிர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. "சொல்லிட்டு வா. நாளைக்கே என்னய வெளிய நிப்பாட்டிருவாக. அப்பறம் இந்த நாலு வயித்துக்கும் யாரு படியளக்குறதுன்னும் யோசிச்சுக்க" என்றார். இரண்டு பேரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. நான் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று நாள் பொறுத்த அம்மா நாலாம் நாள் போய்ச் சொல்லிவிட்டாள். நானும் கூட இருந்தேன், தம்பி அம்மா மடியில் இருந்தான். அத்தை முற்றத்து ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டு இருந்தாள். எம்புள்ள அதக் குடிச்சதே இல்ல தாயி, முழுக்கத் தாய்ப்பாலுதான், நீ அத நிறுத்திரு என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அத்தை குழவியைப் பிடித்தபடி சிரித்தாள்.

"மதினி, எங்கிட்டயுமா?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அத்தைக்குத் தோன்றியது என்னவென்றால், எல்லாரும் சொல்கிற வடிகஞ்சிப் பொய்யைத்தான் மதினியும் சொல்கிறாள் என்று. அம்மா மறுபடி மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல அத்தையின் சிரிப்பு போய்விட்டது. சரி, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யுங்கள் என்றாள்.

அம்மா கையை எடுத்தாள். தம்பி அப்போது மறுபடி பேதி கண்டு துவண்டு கிடந்தான். சீக்குப் பிள்ளையின் தலையில் அடித்து எந்தத் தாய் சத்தியம் செய்வாள்? உண்மையாகவே இருந்தாலும் கை வருமா? கை அவன் தலைக்கு மேலே வந்து நின்றது, இறங்கவில்லை. அம்மா கையை மடக்கிக்கொண்டாள்.

"ஒங்க புள்ளைக்குக் கண்ணு பட்டுருமுன்னு எங்கிட்டயே மறைக்கிறீகளே. எம்புள்ள நல்லாருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது" என்று கேட்டுவிட்டு அத்தை மாவை அப்படியே விட்டு உள்ளே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. அதைவிட மோசம், மாவு நல்லது என்பதால்தான் மதினி நிறுத்தச் சொல்கிறாள், கரைக்கிற அளவு போதாமல்தான் பிள்ளை தேறவில்லை என்று முடிவு பண்ணி, இரண்டு கரண்டி போட்ட இடத்தில் நாலு கரண்டி போட ஆரம்பித்தாள். மாமா பழனியிலிருந்து வரும்போதெல்லாம் டப்பாவோடு வந்தார். அம்மா வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

எதிர்க்கதவு எங்களுக்குச் சாத்தியே இருந்தது. அம்மா வேலை செய்துகொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பாள். பிள்ளை அழுதால் கை வேலை நடக்கும், அழுகை கேட்காவிட்டால் அப்படியே நின்றுவிடுவாள். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வளவு வாசலில் நின்று, அழுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

ஆடி மாசம், காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டு இருந்தது. ஒரு மத்தியானம் வெகுநேரம் சத்தமே இல்லை. அம்மா தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு முற்றத்தைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தை பிள்ளையை மடியில் போட்டுச் சங்கை வாயில் வைத்திருந்தாள். மாவுத்தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்குப் போனது. பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது, விழுங்கவில்லை.

அம்மா குனிந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்து மார்பில் வைத்தாள். அத்தை பிடுங்க வந்தாள். அம்மா ஒரு கையால் அவளைத் தள்ளினாள். "இதத்தான் எம்புள்ள குடிச்சான். நல்லாப் பாத்துக்க" என்றாள். அம்மா அப்படி ஒரு குரலில் பேசி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

பிள்ளை குடிக்கவில்லை. அம்மா கையால் பீய்ச்சி உதட்டில் விட்டாள், வழிந்தது. தாடையைத் தடவினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். வளவுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாமா ட்யூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். அவருக்குப் பின்னால் அப்பா. அன்று நான் சோறு கொண்டுபோகாததால் என்னவோ ஏதோ என்று வந்திருக்கிறார். நடந்ததைக் கேட்டு மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"மச்சான், நீங்க ஒட்டுன லேபிளுதான அது. நீங்க சொல்லுங்க. ஒங்க புள்ள குடிச்சானா, குடிக்கலையா?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நின்றவர்களில் இரண்டு பெண்கள் அதே கம்பெனியில் டப்பா கழுவுகிறவர்கள். அப்பா அவர்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி, சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார்.

அவர் வளவு வாசலைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார், உள்ளே மடக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிள்ளை விழுங்கியது. இன்னொரு தரம் விழுங்கியது. அத்தை தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் தம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததில் அவன் வலி தாங்காமல் அழ ஆரம்பித்தான்.

அன்றிலிருந்து தை மாசம் வரைக்கும் அம்மா இரண்டு பேருக்கும் கொடுத்தாள். தம்பிக்குப் பேதி நின்று குழைந்த சோறு பழகிவிட்டது. பெண்ணுக்கு மெல்லக் கன்னம் வந்தது, காலை உதைக்க ஆரம்பித்தாள். நான் மட்டும் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர் என்ன மனுஷன் என்று இருந்தது. சோற்றுத் தூக்கை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்காமல் திரும்பிவிடுவேன். என்னத்தா கோவமா என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பத்து வயசில் எனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணம்.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லத்தானே வேண்டும். தை மாசக் கடைசியில் ஒருநாள், தம்பி நடக்கக் கற்றுக்கொண்டு இடுப்பில் நிற்காமல் அடம்பிடித்தான் என்று, அத்தையின் பெண்ணைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குச் சோறு கொண்டுபோனேன். முதலாளி பார்த்துவிட்டார். சுவரில் பழைய படம் வெளுத்துப்போயிருந்தது, புதிதாக ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று தேடிக்கொண்டு இருந்தார்களாம். வெள்ளிக்கிழமை காலை படம் பிடிக்கிறவரைக் காரில் வீட்டுக்கே அனுப்புவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அத்தை கட்டாயம் திட்டி அனுப்புவாள் என்று நான் நினைத்தேன், அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அத்தைக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாமா, படந்தானே, குடிக்கவா சொல்றாக என்றார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இன்னொருத்தி இதைப் பார்த்து வாங்கிக் கொடுப்பாளே என்றாள். அத்தை குனிந்து பிள்ளையின் முடியை வாரிக்கொண்டே, "சுவத்துல ஒங்க புள்ள மட்டுந்தான் வரணுமா மதினி?" என்று கேட்டாள். சாகக் கிடந்த பிள்ளையைப் பெற்றவள்தான் கேட்டாள். எனக்கு அன்று அவள்மேல் வெறுப்பாக இருந்தது. இரண்டு பிள்ளை பெற்று ஒன்றைப் பறிகொடுத்து, இன்னொன்றையும் பறிகொடுக்கப் பார்த்தவளுக்கு, தன் பிள்ளை ஊர் பார்க்க உயரத்தில் சிரிக்க வேண்டும் என்று ஆசை வராதா? இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வருகிற நாள். மாமா அதிகாலையிலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டார். அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்து வந்துவிடுகிறேன் என்று போனாள். அம்மாவும் குடத்தோடு அங்கேதான் நின்றாள். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. எங்கிருந்தோ ஒரு கட்டு வேப்பங்குலையோடு வந்தார். அத்தை வீட்டு நிலைப்படியில் குறுக்கே கயிறு கட்டிக் குலையைச் செருகினார். மஞ்சளைக் கரைத்து வாசலில் தெளித்தார். அம்மை கண்ட வீட்டுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள், வெளியாள் யாரும் நிலைப்படி தாண்டமாட்டார்கள். யாருக்கு அம்மை என்று கேட்டேன்.

"உள்ள போயி கதவச் சாத்திக்கத்தா. என்ன சத்தம் கேட்டாலும் வெளிய வராத."

அத்தை வீட்டுக்குள் போய்க் கதவு இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என் இடுப்பில் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருந்தாள். அவள் சிரித்துவிடக்கூடாதே என்று முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். கார் தெருமுனையில் நின்ற சத்தம் கேட்டது. முதலாளியின் ஆளும் படம் பிடிக்கிறவரும் முற்றத்துக்கு வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் படம் பிடிக்கிறவர் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பிள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டிருக்கிறது என்றார் அப்பா. எப்போதிருந்து என்று முதலாளியின் ஆள் கேட்டார். நேற்று சாயங்காலம் முத்து தெரிந்தது, மூன்று தண்ணீர் ஊற்றுகிறவரைக்கும் யாரும் பார்க்கக்கூடாது என்றார் அப்பா. அந்த ஆளுக்குச் சந்தேகம். நேற்றுக் காலையில் நன்றாக இருந்ததாமே என்று ஒரு அடி முன்னால் வைத்தார். அப்பா நிலைப்படிக்கு முன்னால் நகர்ந்து நின்றார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை என் தோளில் ஒரு சத்தம் கொடுத்தாள். நான் அவள் வாயை என் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"ஆத்தா வந்து உக்காந்துருக்கா சார். நா பொய் சொல்லுவனா?" என்றார் அப்பா.

படம் பிடிக்கிறவர் அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்தார், தனக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். இரண்டு பேரும் போய்விட்டார்கள். அப்பா முற்றத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா சொன்ன உண்மையை யாரும் நம்பவில்லை, ஒரு கட்டு வேப்பிலையை ஒரு நொடியில் நம்பிவிட்டார்கள்.

அத்தை தலையில் குடத்தோடு வந்து தன் வீட்டு நிலையைப் பார்த்து நின்றாள். குடத்தை எப்படி இறக்கினாள் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து பிள்ளையைப் பறித்துச் சட்டையை அவிழ்த்து, உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒரு பொரிகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

"நல்லாருக்குற புள்ளைக்கு ஆத்தாள அழைச்சு விட்டுட்டீகளேண்ணே" என்றாள். கத்தவில்லை. அப்பா எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மாமா வந்து சண்டை போட்டார். ஒரு மாசத்துக்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு பழனிக்கே குடிபோய்விட்டார்கள். வண்டி ஏறும்போது அத்தை அம்மாவிடம் மட்டும் பிள்ளையைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள், எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர்கள் அதற்குள் வேறு எங்கோ ஒரு பெண் குழந்தையைப் பிடித்துவிட்டார்கள். அது யார் வீட்டுப் பிள்ளை, என்ன குடித்தது என்று எனக்குத் தெரியாது. அத்தையின் பெண்ணுக்கு மணல்வாரி வரவே இல்லை. இன்றைக்குப் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி.

மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. அப்பா பதினைந்து நாள் விரதம் இருந்து மஞ்சள் உடுத்தித் தீச்சட்டி எடுத்தார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் எடுத்ததில்லை. எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. மனசு சுத்தமாக இருந்தால் கை சுடாது என்பார்கள். அப்பாவுக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தார்கள். சாயங்காலம் அவர் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட உட்கார்ந்தேன். பல மாசத்துக்குப் பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னதற்காகத்தான் கை சுட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"அதுக்கு ஆத்தா கோவிக்க மாட்டாத்தா. அவளும் புள்ள வச்சிருக்கவதான" என்றார். கொப்பளித்த கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒந்தம்பி மூஞ்சிய எத்தனை டப்பாவுல ஒட்டியிருப்பேன். அதுக்குத்தான்" என்றார்.

நான் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் இரண்டு கையிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு அப்பா கம்பெனிக்குக் கிளம்பினார். புதுப் பிள்ளையின் லேபிள் வந்து இறங்கியிருந்தது, ஒட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.